இரத்தமும் ஞானஸ்நானமும்: ஜேர்மன் திருச்சபைப் போராட்டத்தின் ஒளியில் மதத் தேசியவாதம்

மதத்தையும் தேசியத்தையும் ஒன்றாக இணைத்துப் பேசுவோர் உலகின் பல பாகங்களிலும் உளர். அவ்விணைப்பு கிறிஸ்தவ விசுவாசத்துக்கு உடன்பாடானதா என்னும் வினா எழும்போது ஒரு சாரார் வேதவசனங்களை எடுத்துக்காட்டி 'அன்று' என்பர். மறு சாரார் வேறு வசனங்களைக் காட்டி 'ஆம்' என்பர். வசனத்தோடு வசனம் பொருதும் இவ்வாதத்துக்கு முடிவில்லை. எனவே, இவ்வினா ஏட்டளவில் நில்லாது ஒரு திருச்சபையின் வாழ்விலே நடைமுறைப் பிரச்சினையாகத் தோன்றி, விடை கூறியே தீரவேண்டிய நிலைக்கு அத்திருச்சபையைத் தள்ளிய ஒரு சந்தர்ப்பத்தை எடுத்து நோக்குவது பயனுடையது என நாம் கருதுகின்றோம். 1933ஆம் ஆண்டு தொடக்கம் 1945ஆம் ஆண்டு வரையுள்ள ஜேர்மன் புரட்டஸ்தாந்து திருச்சபையின் வரலாறு அத்தகையதாகும்.

ஆராயப் புகுமுன் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும். பிறந்த மண்ணிலும் தாய்மொழியிலும் மனிதனுக்குள்ள பற்று இயல்பானது. அதனை எவரும் குற்றமெனக் கொள்ளார். மதத் தேசியவாதம் என நாம் இங்கு கூறுவது அதுவன்று. ஓர் இனத்தின் வரலாற்றிலே இறைவன் தன்னைத் தனிச்சிறப்பாக வெளிப்படுத்துகின்றான் என்றும், அவ்வினத்தின் எழுச்சியே இறைசித்தத்தின் நிறைவேற்றம் என்றும், அதனால் அவ்வினத்திற் பிறந்தமையே சமய உரிமைக்கும் அளவுகோல் என்றும் கொள்ளும் கோட்பாட்டையே அச்சொல்லாற் குறிக்கின்றோம்.

இக்கோட்பாடு ஜேர்மனியில் ஹிட்லருடன் பிறந்ததன்று. 1555ஆம் ஆண்டின் அவுக்ஸ்பேர்க் உடன்படிக்கைக்குப் பின்னர் அரசனின் சமயமே நாட்டின் சமயம் என்ற நியதி அங்கு நிலைபெற்றது. லூத்தரன் பிரதேசங்களில் அரசனே திருச்சபையின் தலைவனாகவும் விளங்கினான். இந்நிலை 1918 வரை நீடித்தது. நெப்போலியனுக்கு எதிரான 1813ஆம் ஆண்டுப் போரின்போது தேசபக்தி பிரசங்க பீடங்களில் ஏறி அமர்ந்தது. 'கடவுள் எம்மோடு' என்ற வாசகம் பிரசிய வீரனின் இடைக்கச்சுக் கொளுவியில் பொறிக்கப்பட்டது. முதலாம் உலகப்போர் மூண்ட 1914இல், பேரரசர் தம் மக்களுக்கு விடுத்த அழைப்பை வரைவதில் அக்காலத்தின் தலைசிறந்த திருச்சபை வரலாற்றாசிரியராகிய அடோல்வ் வொன் ஹார்னாக்கும் பங்குகொண்டார். அவ்வாண்டு ஒக்ரோபரில் 93 அறிஞர்கள் கையொப்பமிட்டு வெளியிட்ட போர் ஆதரவு அறிக்கையிலும் அவர் பெயர் இருந்தது. சுவிற்சர்லாந்தின் கிராமமொன்றிலே போதகராயிருந்த கார்ல் பார்த் என்னும் இளைஞர் அப்பட்டியலில் தம் ஆசிரியர்களின் பெயர்களைக் கண்டு அதிர்ந்தார். தாம் கற்ற இறையியலின் அத்திவாரமே பழுதுற்றிருந்தது என அன்று உணர்ந்ததாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார். இவரை நாம் மீண்டும் சந்திப்போம்.

1918இன் தோல்வியும் 1919இன் வெர்சாய் உடன்படிக்கையும் இப்பற்றைத் தணிக்கவில்லை; காயப்பட்ட பற்றாக மாற்றின. அரசனை இழந்த திருச்சபை ஒரு புதிய பற்றுக்கோட்டை நாடியது. அது 'மக்களினம்' என்ற கருத்திற் கிடைத்தது. எர்லாங்கன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பவுல் அல்தவுஸ் போன்றோர் 'படைப்பு ஒழுங்குகள்' என்னும் கோட்பாட்டை விரித்துரைத்தனர். குடும்பம், அரசு என்பவற்றைப் போலவே மக்களினமும் இறைவன் படைத்த ஒழுங்கு. மனிதன் தனியனாக அன்றி ஓர் இனத்தின் உறுப்பாகவே படைக்கப்படுகின்றான். ஆகவே அவ்வினத்துக்குரிய கடமை இறைவனுக்குரிய கடமையின் ஒரு கூறு என்பது இதன் சாரம். இதனைப் பாமரரின் வெறிக்கூச்சல் என ஒதுக்குதல் தவறு. அல்தவுஸ் லூதரின் நூல்களைத் துறைபோகக் கற்றவர். கோட்டிங்கனில் இருந்த இமானுவேல் ஹிர்ஷ் கீர்க்ககாட்டை ஜேர்மன் மொழிக்குத் தந்த பேரறிஞர். கல்வி ஒருவனை இக்கோட்பாட்டினின்றும் காக்கும் என்று எண்ணுவோர் இவ்விருவரையும் நினைவிற்கொள்வது நன்று.

நாசிக் கட்சி 1920ஆம் ஆண்டு வெளியிட்ட வேலைத்திட்டத்தின் 24ஆவது பிரிவிலேயே 'ஆக்கபூர்வமான கிறிஸ்தவம்' என்னும் சொற்றொடரைச் சேர்த்திருந்தது. அதன் பொருள் யாதென எவரும் விளக்கவில்லை. விளக்காமையே அதன் பயன். 1932இல் 'ஜேர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற இயக்கம் தோன்றியது. 1933 யூலை 23ஆம் திகதி நடைபெற்ற திருச்சபைத் தேர்தலில், ஹிட்லரே வானொலியில் ஆதரவு தேடிப் பேசிய பின்னர், அவ்வியக்கம் பெருவெற்றி ஈட்டியது. செப்ரெம்பரில் லுட்விக் முல்லர் என்னும் முன்னாள் கடற்படைக் குருவானவர் நாடு முழுவதற்குமான பேராயராகத் தெரிவானார்.

இவையெல்லாம் நிருவாக மாற்றங்களாகவே பலருக்குத் தோன்றின. உண்மையான சோதனை வேறொரு வடிவில் வந்தது. 1933 ஏப்பிரல் 7ஆம் திகதிச் சட்டம் 'ஆரியர் அல்லாதாரை' அரச சேவையினின்றும் நீக்கிற்று. ('ஆரியர்' என்னும் சொல்லை நம் நாட்டு ஆரிய-திராவிட வழக்கிற் போலன்றி, யூதரல்லாதார் என்னும் அளவிலேயே வாசகர் இங்கு கொள்ளல் வேண்டும்.) செப்ரெம்பர் மாதத் தொடக்கத்தில் பிரசியத் திருச்சபையின் பொதுமன்றம் கூடி, அவ்விதியைத் திருச்சபைக்குள்ளும் ஏற்றுக்கொண்டது. மன்ற உறுப்பினருட் பலர் கட்சியின் கபிலநிறச் சீருடையில் வந்தமையால் அதற்குக் 'கபிலநிற மன்றம்' என்ற பெயரே நிலைத்தது. யூத வழித்தோன்றலாகிய ஒருவர், அவர் ஞானஸ்நானம் பெற்றவராயினும் குருத்துவ அபிஷேகம் பெற்றவராயினும், போதகராய்ப் பணியாற்ற முடியாது. யூத வழிவந்தவரை மணந்தவருக்கும் அதே நிலை.

இவ்விதியால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட போதகர்கள் மிகச் சிலரே. நாடு முழுவதும் ஏறத்தாழ 18,000 போதகர்கள் பணியாற்றிய ஒரு திருச்சபையில் அவர்களது தொகை ஒரு பொருட்டன்று. இச்சிலருக்காகத் திருச்சபையைப் பிளவுபடுத்தலாமா என நல்லோர் பலரும் வினவினர். ஆயின், நாம் ஆராயும் பிரச்சினையின் மையம் இங்கேதான் உள்ளது. ஞானஸ்நானம் ஒருவனைத் திருச்சபையின் முழு உறுப்பினன் ஆக்குகின்றதா, இல்லையா? ஆக்குகின்றது எனின், அவன் பாட்டனின் இரத்தத்தை வினவ எவருக்கும் உரிமையில்லை. வினவலாம் எனின், ஞானஸ்நானம் வெறும் சடங்கே. திருச்சபை இனத்தின் ஒரு கிளைச் சங்கமே. இடைநிலை ஒன்று இல்லை.

அம்மாதத்திலேயே இரண்டு இறையியற் பீடங்கள் இப்பொருள்பற்றித் தம் கருத்துரைகளை வழங்கின. ருடொல்ப் புல்ட்மன் அங்கம் வகித்த மார்பேர்க் பீடம் அவ்விதி கிறிஸ்தவத் திருச்சபையின் இயல்புக்கு முரணானது எனத் தயக்கமின்றி உரைத்தது. எர்லாங்கனின் சார்பில் அல்தவுசும் வேர்னர் எலேர்ட்டும் எழுதிய கருத்துரையோ வேறு பாதையிற் சென்றது. கிறிஸ்துவில் யாவரும் ஒன்றென்பது மெய்யே. ஆயினும் அவ்வொருமை ஆண், பெண் என்னும் வேறுபாட்டை அழிக்காததுபோல இன வேறுபாட்டையும் அழிப்பதில்லை. போதகர் தாம் பணிபுரியும் இனத்தோடு ஒட்டியவராதல் வேண்டும். ஆதலால், ஏற்கெனவே பணியிலிருப்போரை ஒருங்கே நீக்காவிடினும், யூத வழிவந்தோர் இப்பதவிகளினின்றும் ஒதுங்கி நிற்றல் தகும் என்பது அதன் போக்கு. வாதம் நயமானது. ஆனால், வேறுபாடு உண்டு என்பதினின்றும் விலக்கு நியாயம் என்பதற்குத் தாவும் படியை அக்கருத்துரை எங்கும் நிறுவவில்லை. படைப்பு ஒழுங்கு என்ற சொல்லே அப்படியாகப் பயன்பட்டது.

இவ்வாதம் தமிழ் வாசகருக்கு முற்றிலும் புதியதன்று என்பதை இடையே குறிப்பிடல் வேண்டும். இதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1833இல், கல்கத்தா ஆயர் டானியல் வில்சன் தென்னிந்தியத் திருச்சபைகளில் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டுமெனப் பணித்தார். திருவிருந்திலே யார் முன், யார் பின் என்ற வழக்கும் அவ்வாணைக்கு உட்பட்டது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் எதிர்த்து விலகினர். பின்னர் தரங்கம்பாடிப் பணியைப் பொறுப்பேற்ற ஜேர்மானிய லைப்சிக் சங்கத்தார் வில்சனின் கடுமையை ஏற்கவில்லை. சாதி சமூக வழக்கே; அது காலப்போக்கிற் கரையும் என்பது அவர்களின் தலைவர் கார்ல் கிரவுலின் நிலைப்பாடு. திருக்குறளை ஜேர்மன் மொழியில் ஆக்கி 1856இல் வெளியிட்ட அப்பெருந்தகையிடம் தமிழர்பாற் காழ்ப்பு இருந்தது என எவரும் கூறார். எனினும், பிறப்பு வேறுபாட்டை இயற்கை ஒழுங்கென ஏற்று அதனைத் திருவிருந்து மேசையின் அருகே அமர விடலாம் என்னும் எண்ணம் இரு சந்தர்ப்பங்களிலும் ஒரே குடும்பத்தது. கிரவுலைக் குருண்ட்மனோடு நிகர்ப்படுத்துவது நம் நோக்கமன்று.

குருண்ட்மன் யார் என்பதை இனிக் காண்போம். 1933 நவம்பர் 13ஆம் திகதி, பேர்லின் விளையாட்டு மாளிகையில் ஏறத்தாழ 20,000 பேர் கூடியிருக்க, ஜேர்மன் கிறிஸ்தவர் இயக்கத்தைச் சேர்ந்த ரைன்ஹோல்ட் கிரவுச என்பவர், பழைய ஏற்பாட்டையும் பவுல் அப்போஸ்தலரின் யூத இறையியலையும் திருச்சபை கைவிடவேண்டுமென முழங்கினார். நாடெங்கும் அதிர்ச்சி எழுந்தது. இயக்கத்தினின்றும் பலர் விலகினர். ஆயின் கிரவுச தம் தோழர்களைவிட வெளிப்படையானவர் என்பதன்றி வேறென்ன தவறு செய்தார்? யூத இரத்தம் போதகரை மாசுபடுத்துமாயின் அது நூலையும் மாசுபடுத்தாதோ? நூலை மாசுபடுத்துமாயின் நாசரேத்து இயேசுவின் நிலை யாது? இவ்வினாக்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை. இறுதி வினாவுக்கு விடை தேடவே 1939 மே மாதத்தில் ஐசனாக் நகரில் ஒரு நிறுவனம் திறக்கப்பட்டது. ஜேர்மன் திருச்சபை வாழ்வில் யூதச் செல்வாக்கை ஆராய்ந்து அகற்றுதல் அதன் நோக்கம். தொடக்க விழா நிகழ்ந்த இடம் லூதர் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த அதே வாற்பேர்க் கோட்டை. நிறுவனத்தின் கல்விசார் தலைவர் யேனா பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்ட்டர் குருண்ட்மன். 1940இல் யூதச் சார்பு களையப்பட்ட புதிய ஏற்பாடொன்றை இந்நிறுவனம் வெளியிட்டது. தொடர்ந்து, யூதத் தொடர்புடைய சொற்கள் நீக்கப்பட்ட பாட்டுப் புத்தகமும் வந்தது. இயேசு யூதரல்லர் என நிறுவக் குருண்ட்மன் தனிநூலே எழுதினார். அடிக்குறிப்புகளோடும் கிரேக்க மேற்கோள்களோடும் கூடிய நூல் அது. ஆய்வேடு ஒன்றில் எழுதும் நாம் இவ்விடத்தை எளிதிற் கடந்துசெல்ல இயலாது.

1941 டிசம்பரில், யூதர் மஞ்சள் நட்சத்திரம் அணியவேண்டுமென்ற ஆணை வந்த சில மாதங்களில், சாக்சனி, துரிங்கியா உள்ளிட்ட ஏழு பிரதேசத் திருச்சபைகள் யூத வழிவந்த கிறிஸ்தவருடனான உறவு அனைத்தையும் துண்டிப்பதாக அறிவித்தன. ஞானஸ்நானம் இனத்தை மாற்றாது என்பது அவை காட்டிய நியாயம். 1933இல் சில போதகரின் பதவிபற்றியதாகத் தோன்றிய பிரச்சினை எட்டு ஆண்டுகளில் அடைந்த இடம் இது.

எதிர்ப்பு எழாமலில்லை. பேர்லின் டாலெம் பகுதியின் போதகர் மார்ட்டின் நீமோலர் 1933 செப்ரெம்பரில் அமைத்த 'போதகர் அவசரக் கழகம்' சில மாதங்களிலேயே 7,000 பேர் வரை திரட்டியது. அதன் உறுதிமொழியில் ஆரியர் விதி விசுவாச மீறல் என்று வெளிப்படையாகக் கூறப்பட்டது. இதன் தொடர்ச்சியாக 1934 மே 29 முதல் 31 வரை பார்மன் நகரில் லூத்தரன், சீர்திருத்த, ஐக்கிய மரபினர் ஒன்றுகூடி ஆறு கூற்றுகள் கொண்ட பிரகடனத்தை ஏற்றனர். அன்று பொண் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த கார்ல் பார்த்தே அதன் பெரும்பகுதியை வரைந்தவர். வரைவுக்குழுவின் லூத்தரன் அங்கத்தவர் இருவரும் பிராங்பேர்ட்டில் மதிய உணவின்பின் உறங்கச் செல்ல, கடுங்கோப்பியும் ஓரிரு பிரேசில் சுருட்டுகளும் துணையாக அதனை எழுதி முடித்ததாக அவர் நகைச்சுவையுடன் கூறுவது வழக்கம். வேதத்தில் சான்றுரைக்கப்படும் கிறிஸ்துவே திருச்சபை செவிமடுக்க வேண்டிய ஒரே இறைவார்த்தை. அதற்கு அயலாக வேறு நிகழ்ச்சிகளையோ சக்திகளையோ தலைவர்களையோ இறைவெளிப்பாடாகத் திருச்சபை ஏற்கலாகாது என்பது முதற்கூற்றின் கருத்து. மதத் தேசியவாதத்தின் ஆணிவேரை இது தொட்டது. ஓர் இனத்தின் எழுச்சியிலிருந்து இறைசித்தத்தை வாசித்தறியலாம் என்ற எண்ணமே இங்கு மறுக்கப்பட்டது. அல்தவுசும் எலேர்ட்டும் இதனை உடனே உணர்ந்தனர். அடுத்த மாதமே, அன்ஸ்பாக்கில் எழுதப்பட்ட மறுப்பொன்றிலே, இனமும் இரத்தத் தொடர்பும் இறைவனின் ஒழுங்குகள் என மீண்டும் வலியுறுத்தி, ஹிட்லரைத் தந்தமைக்காக இறைவனுக்கு நன்றியும் கூறினர்.

ஆனால் பார்மன் பிரகடனத்தில் யூதர் என்னும் சொல் இல்லை. ஆரியர் விதியும் இல்லை. சர்ச்சையைத் தூண்டிய பொருளே ஆவணத்தில் இடம்பெறாமற் போனது எவ்வாறு? கூடியிருந்தோருட் பலர் தாமும் தேசியவாதிகளாயிருந்தமையே காரணம் என்பது நம் கருத்து. நீமோலர் முதற்போரில் நீர்மூழ்கிக் கப்பற் தளபதி; 1933இல் நாசிக் கட்சிக்கு வாக்களித்தவர். 1937இற் கைதாகி வதைமுகாமில் அடைபட்டிருந்தபோதும், 1939இற் போர் மூண்டதும் கடற்படையிற் பணிபுரிய முன்வந்தார். அறிக்கைத் திருச்சபை என்று பின்னர் வழங்கிய அவ்வணியின் போதகர் பெருந்தொகையானோர் 1938இல் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தனர். நிபந்தனையின்றி அத்தகைய பிரமாணம் செய்ய மறுத்த பார்த்தோ 1935இலேயே பதவியிழந்து பாசலுக்குத் திரும்பியிருந்தார். திருச்சபைக்குள் அரசு தலையிடலாகாது என்பதில் அவ்வணியினர் உறுதியாயிருந்தனர். திருச்சபைக்கு வெளியே யூதருக்கு நேர்வது தம் கடமை எல்லைக்கு உட்பட்டதா என்பதில் உறுதியற்றிருந்தனர்.

இருவரை மட்டும் இங்கு குறிப்பிடுவோம். 1936இல் அறிக்கைத் திருச்சபைத் தலைமை ஹிட்லருக்கு நேரடியாக ஒரு விண்ணப்பம் அனுப்பியது. யூதரை வெறுக்குமாறு கிறிஸ்தவன் பணிக்கப்படும்போது அயலாரை நேசி என்னும் கட்டளை எதிர்நிற்கின்றது என்ற துணிவான கருத்து அதில் உண்டு. அது வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. அலுவலகத்திற் பணியாற்றிய பிரீட்ரிக் வைஸ்லர் என்னும் சட்டவறிஞர் கைதானார். அவர் ஞானஸ்நானம் பெற்றவர். பிறப்பால் யூத வழியினர். 1937 பெப்ருவரியில் சாக்சன்ஹவுசன் முகாமில் அவர் கொல்லப்பட்டார். அவரோடு கைதான, யூதரல்லாத இருவர் உயிர்தப்பினர். மற்றவர், ஓபர்லெனிங்கன் என்ற சிற்றூரின் போதகர் யூலியுஸ் வொன் யான். 1938 நவம்பரில் யூத ஆலயங்கள் எரிக்கப்பட்ட ஒரு வாரத்தின்பின் அதனைக் குற்றமெனப் பிரசங்கித்தார். கும்பலொன்றினால் அடித்து நொறுக்கப்பட்டுச் சிறை சென்றார்.

இஸ்ரவேலைத் தெரிந்துகொண்ட கடவுளைப் பழைய ஏற்பாடே காட்டுகின்றதன்றோ, அது மதத் தேசியவாதமாகாதோ என ஒருவர் வினவலாம். வினா நியாயமானது. ஆயின் அத்தெரிவைப் பெருமைக்குரிய உடைமையாகக் கொண்ட தம் மக்களையே தீர்க்கதரிசிகள் கடிந்தனர். பெலிஸ்தரையும் சீரியரையும் வழிநடத்தியவன் அதே இறைவன் என்று ஆமோஸ் கூறியது இஸ்ரவேலின் செவிகளுக்கு இனித்திராது. ஜேர்மன் கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாட்டை அகற்ற விரும்பியமைக்கு அது யூதருடையது என்பது மட்டுமே காரணமாயிராது. தெரிந்துகொள்ளப்பட்ட இனத்தையே நியாயம் விசாரிக்கும் நூல் அது.

அப்படியாயின் தேசப்பற்றுக்கே கிறிஸ்தவனிடம் இடமில்லையா? டீட்ரிக் பொன்ஹோவர் 1939 யூன் மாதம் நியூயோர்க்குக்குச் சென்று சேர்ந்தார். அங்கு பாதுகாப்பான பதவி அவருக்குக் காத்திருந்தது. சில வாரங்களிலேயே நாடு திரும்பத் தீர்மானித்தார். தம் மக்களின் சோதனைக் காலத்திற் பங்குகொள்ளாவிடின் பின்னர் அவர்களின் மறுவாழ்விற் பங்குகொள்ளத் தமக்கு உரிமையிராது என ரைன்ஹோல்ட் நீபூருக்கு எழுதினார். அதே கடிதத்தில், கிறிஸ்தவ நாகரிகம் பிழைக்கவேண்டித் தம் நாட்டின் தோல்வியை விரும்புவதா, நாட்டின் வெற்றியை விரும்பி அந்நாகரிகத்தை அழிப்பதா என்பதே ஜேர்மன் கிறிஸ்தவன் முன்னுள்ள தெரிவு என்றும், தாம் எதனைத் தெரியவேண்டுமென்பதைத் தாம் அறிவதாகவும் எழுதினார். நாட்டின்மீது கொண்ட பற்றால் திரும்பியவர் அந்நாட்டின் தோல்வியை வேண்டினார். 1945 ஏப்பிரல் 9ஆம் திகதி புளொசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

போருக்குப் பின்னர், 1945 ஒக்ரோபரில், ஸ்ருட்கார்ட்டில் வெளியிடப்பட்ட குற்ற ஒப்புதலிலும் யூதர் பெயர் இல்லை. 1947இன் டார்ம்ஸ்ராட் அறிக்கை ஓரடி முன்சென்று, ஜேர்மானியருக்கென ஒரு தனித் தெய்விகப் பணி உண்டு எனக் கனவு கண்டதே வழிதவறிய இடமென ஒப்புக்கொண்டது. அதற்கு எதிர்ப்பு மிகுந்தது. குருண்ட்மன் கிழக்கு ஜேர்மனியில் திருச்சபை ஆசிரியராக மீண்டும் பணியேற்றார். நற்செய்தி நூல்களுக்கு அவர் எழுதிய உரைகள் பல பதிப்புகள் கண்டன. அவர் 1976இல் இறந்தார். அவர் அந்நாட்டு இரகசியப் பொலிசாருக்குத் தகவல் வழங்கிவந்தமை 1990இன் பின்னர் திறக்கப்பட்ட கோப்புகளால் தெரியவந்தது.

பார்த், தமது இறப்புக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்னர், 1967இல், பொன்ஹோவரின் வரலாற்றை எழுதிய எபர்ஹார்ட் பெற்கேக்கு ஒரு கடிதம் வரைந்தார். பொன்ஹோவர் 1933இலேயே யூதர் பிரச்சினையை முதன்மையானதெனக் கண்டிருந்ததை அந்நூலிலிருந்தே தாம் தெளிவாக அறிந்ததாகவும், பார்மன் வரைவில் அதனைத் தீர்க்கமான பொருளாக்காமை தம் குற்றமே எனத் தாம் நெடுங்காலமாக உணர்ந்துவந்ததாகவும் அதிற் குறிப்பிட்டார். அவ்வாறு எழுதியிருப்பின் 1934இல் அறிக்கைத் திருச்சபையினரே அதனை ஏற்றிருக்கமாட்டார்கள் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆயினும், அதற்காகப் போராடியேனும் பாராதமைக்கு அது சமாதானமாகாது என்று அக்கடிதத்தில் எழுதினார்.